உஷார்! உங்கள் நோய் எந்த வீட்டுப் பிள்ளை?

டாக்டர் எழுதும் மருந்தைக் கணினியும் ஒருமுறை சரிபார்க்கிறது என்றால் கேட்க நிம்மதியாகத்தான் இருக்கும். கர்ப்பிணிக்கு இந்த மாத்திரை ஆகாது, டிங்கி காய்ச்சல்காரருக்கு அந்த வலி மருந்து வேண்டாம் என்று திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கும். வந்து நின்றால் நல்லது. வர வேண்டிய நேரத்தில் வராமல் போனால்? வராத எச்சரிக்கையை டாக்டரும் பார்க்கமாட்டார், மிசியும் பார்க்கமாட்டார், நீங்களும் பார்க்கமாட்டீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

சிகாமட், லாபிஸ், பெக்கோக், ஜெமந்தா பக்கம் இருக்கிற நம் ஆட்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆறு பெருகினால் ஊருக்குள் வந்துவிடும் இடம் இது. 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் பார்த்தோம். சுற்றிலும் செம்பனை, ரப்பர், காட்டோரம். வீட்டுக்கு வீடு இனிப்பு நீர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் விதிப்படி ஓடும் மருத்துவ மென்பொருள் தடுமாறும். மருத்துவ அறிவு குறைவாக இருப்பதால் அது தடுமாறுவதில்லை. நோய்களை அடுக்கி வைத்திருக்கிற அலமாரியில் கோளாறு இருந்தால் தடுமாறும்.

அந்த அலமாரி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ‘இது இருந்தால் அதைச் செய்’ என்ற விதிகளால் ஓடும் மென்பொருள் புதிதல்ல. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின், இரத்தத்தில் கிருமி பரவியவர்களுக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்பதைச் சுமார் 600 விதிகளை வைத்துச் சொன்னது. ஒரு துறைக்கே 600 விதி என்றால், ஆஸ்பத்திரி முழுவதற்கும் எத்தனை? ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாக எழுதி மாளாது. அதனால் நோய்களைத் தாய், பிள்ளை, பேரப்பிள்ளை என்று மரமாக அடுக்கினார்கள். விதியைத் தாயின் கழுத்தில் மாட்டிவிட்டால் பிள்ளைகளுக்கும் அது தானாக இறங்கும். கல்யாணப் பத்திரிகையில் ‘குடும்ப சகிதம் வருக’ என்று போடுகிறோமே, அதே வசதி, அதே ஆபத்தும். அழைக்க நினைத்த பெரியப்பா வேறு முகவரியில் இருந்தால் அவருக்குத் தகவல் போகாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி அதே முகவரியில் இருந்தால் அவர்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார்.

இனிப்பு நீரையே எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஆகவே இந்த மரத்தில் வரும் எந்தக் கோளாறும் முதலில் நம் சமூகத்தின் தலையில்தான் விழும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10இல் சாதாரண நீரிழிவு வகைகள் ஈ10 முதல் ஈ14 வரை உட்கார்ந்திருக்கின்றன. கர்ப்பகால நீரிழிவு அங்கே இல்லை. அது ஓ24 என்ற எண்ணில், கர்ப்பமும் பேறும் என்ற வேறு அத்தியாயத்தில் இருக்கிறது. ஸ்னோமெட் என்ற இன்னொரு பெரிய சொற்களஞ்சியத்திலோ ஒரே நோய்க்குப் பல தாய்கள் இருக்கலாம் என்பதால், கர்ப்பகால நீரிழிவும் நீரிழிவின் வாரிசாக அங்கே நிற்கிறது. இப்போது ஒருவர் விதி எழுதுகிறார்: ‘நீரிழிவு, அதன் கீழ் உள்ள அனைத்தும், கூடவே இரத்தக் கொதிப்பும் இருந்தால் பெரிண்டோப்ரில் பரிந்துரை செய்.’ சாதாரண நோயாளிக்கு நல்ல யோசனை, சிறுநீரகத்தைக் காக்கும். கர்ப்பிணிக்கோ அந்த வகை மாத்திரை வயிற்றிலுள்ள பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. ஸ்னோமெட் மரத்தில் அந்த விதி கர்ப்பிணியையும் பிடித்துக்கொள்ளும். கர்ப்பத்துக்கென்று விலக்கு எழுத மறந்திருந்தால், காக்க வந்த மென்பொருளே கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகும்.

அதே விதியை ஐசிடி மரத்தில் எழுதினால் கர்ப்பிணி தப்பிப்பாள். ஆனால் நீரிழிவுக்காரர்களைக் கவனிக்க எழுதிய நல்ல விதிகளும் அவளைத் தொடாமல் போகும். பிள்ளை பிறந்த பிறகு இன்னொரு வேடிக்கை. ‘முன்பு கர்ப்பகாலத்தில் இனிப்பு நீர் இருந்தது’ என்று எழுதினால் அது நோயின் வாரிசே கிடையாது. பழைய வரலாறு என்ற தனிக் கிளைக்குப் போய்விடும். பிற்காலத்தில் நிரந்தரமாக இனிப்பு நீர் வர அதிக வாய்ப்புள்ளவள் அவள்தான். ஆண்டுக்கொரு முறை சோதனைக்குக் கூப்பிட வேண்டிய விதியின் கண்ணில் அவள் படவே மாட்டாள்.

இன்னொன்று, வெளிநாட்டில் செய்த மென்பொருளை அப்படியே வாங்கி வைப்பவர்களுக்காக. எச்பிஏ1சி சோதனையில் 6.5ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்பது பல நாடுகளின் கணக்கு. மலேசிய வழிகாட்டியில் அந்தக் கோடு 6.3. இடைப்பட்ட 6.4 எடுத்த ஆள் இங்கே நோயாளி, அந்த மென்பொருளுக்கோ நோய் வராதவர். மரத்தின் உச்சியிலேயே அவருக்கு இடம் மறுக்கப்பட்டால் கீழே எத்தனை அருமையான விதி இருந்து என்ன பயன்?

மரத்தில் ஒரு கிளையையே வெட்டி, பிறகு ஒட்டவைத்த கதையும் நம் பக்கத்தில் உண்டு. சத்துக்குறைவால் மெலிந்தவர்களுக்கு வரும் நீரிழிவு என்று ஐசிடி-10இல் ஈ12 எண்ணில் ஒரு வகை இருக்கிறது. ஆதாரம் போதாது என்று 1999இல் உலக சுகாதார நிறுவனம் தன் நீரிழிவு வகைப்பாட்டிலிருந்து அதை விலக்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதை விடாமல் ஆராய்ந்தார்கள். 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதையே ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஒல்லியான நோயாளிகள் முதல் வகையிலோ இரண்டாம் வகையிலோ திணிக்கப்பட்டார்கள். முதல் வகை என்று நினைத்து இன்சுலின் அளவைக் கூட்டினால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும்.

சரி, காய்ச்சலுக்கு வருவோம். சிகாமட்டைப் பொறுத்தவரை நான் அதிகம் பயப்படுவது இங்கேதான்.

வெள்ளம் வடிந்த ஒரு வாரத்தில் ஒருவர் காய்ச்சலோடு வருகிறார். உடல்வலி, கண் சிவப்பு, இருமல். டிங்கியா, எலிச் சிறுநீர் நோயா, வேறெதுவுமா? நோய்ப் பட்டியல் கிருமியின் பெயரால் அடுக்கப்பட்டது. நோயாளியோ கிருமியின் பெயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவதில்லை. முதல் நாள் பதிவேட்டில் ‘காரணம் தெரியாத காய்ச்சல்’ என்றோ ‘வைரஸ் காய்ச்சல்’ என்றோதான் ஏறும். ஐசிடியில் முன்னது ஆர்50, அறிகுறிகள் என்ற அத்தியாயம், பின்னது பி34. இரண்டும் டிங்கியின் பிள்ளைகள் அல்ல. ஆக, ‘டிங்கி என்றால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் கொடுக்காதே’ என்று தாயின் கழுத்தில் மாட்டிய விதி, அது மிகவும் தேவைப்படும் முதல் மூன்று நாட்களில் வாயைத் திறக்காது. நோய் உறுதியான பிறகு கத்தும். அதற்குள் வலி தாங்காமல் மாத்திரை வாங்கிப் போட்டிருப்போம்.

டிங்கியின் எண்ணும் வீடு மாறியது பலருக்குத் தெரியாது. பழைய ஐசிடி-10இல் ஏ90 சாதாரண டிங்கி, ஏ91 இரத்தக்கசிவு டிங்கி. 2009இல் உலக சுகாதார நிறுவனம் நோயைப் பிரிக்கும் முறையை மாற்றியது: அபாய அறிகுறி இல்லாதது, உள்ளது, கடுமையானது. அதற்கேற்பப் பட்டியலிலும் பிறகு ஏ97 என்ற புதிய எண் வந்தது. பழைய இரண்டு எண்களை வைத்து எழுதிய விதி அப்படியே கிடந்தால், புதிய எண்ணில் பதிவான டிங்கி நோயாளி அதன் கண்ணுக்கு டிங்கி நோயாளியே இல்லை.

இதைவிடப் பெரிய பூதம் மெலியோய்டோசிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழும் கிருமி. காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். 1911இல் ரங்கூனில் ஆல்ஃப்ரெட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இதைக் கண்டெடுத்தார்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போலவே இருந்ததால் அன்றிலிருந்து இரண்டும் ஜோடி. நுண்ணுயிர் வகையில் அவை நெருங்கிய உறவு என்பது உண்மையும்கூட. அந்த உறவு முறையில்தான் ஐசிடி-10இல் இரண்டும் ஏ24 என்ற ஒரே எண்ணில், ‘விலங்குகளிடமிருந்து வரும் பாக்டீரியா நோய்கள்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் ஏ27, எலிச் சிறுநீர் நோய்.

விபரீதம் எங்கே என்று பாருங்கள். அந்தத் தலைப்பின் மேல் ஒருவர் விதி எழுதினால், முதல் கேள்வி என்னவாக இருக்கும்? ‘விலங்குகளோடு தொடர்பு உண்டா?’ வெள்ளச் சேற்றைக் கூட்டி வழித்த இனிப்பு நீர்க்காரர் உண்மையாகவே ‘இல்லை’ என்பார். மென்பொருள் அந்தக் கதவை மூடிவிடும். மெலியோய்டோசிஸ் கேள்வி கேட்கப்படாமலே வெளியே போய்விடும்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல என்பதற்குப் பக்கத்து மாநிலத்துச் சம்பவம் இருக்கிறது. 2010 ஜூலையில் பஹாங், மாரான் வட்டாரத்து லுபோக் யூவில் நீரில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேடும் பணியில் மீட்புப் படையினரும் கிராமத்து மக்களுமாக 153 பேர் தண்ணீரில் இறங்கினார்கள். பிறகு காய்ச்சல் பரவியது. 10 பேருக்கு மெலியோய்டோசிஸ் உறுதியானது. அதில் 4 பேருக்கு எலிச் சிறுநீர் நோயும் சேர்ந்தே இருந்தது. அந்தப் பரவலில் 8 உயிர்கள் போயின. ஒரே உடம்பில் இரண்டு நோய். ‘ஒரு நோயைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்து’ என்று எழுதிய மென்பொருள் அந்த 4 பேரில் எதைக் கண்டுபிடித்து எதை விட்டிருக்கும்? எலிச் சிறுநீர் நோய்க்குப் பெனிசிலின் போதும். மெலியோய்டோசிஸுக்கு அது எடுபடாது. செஃப்டாசிடிம், மெரோபெனம் போன்ற மருந்துகளை நரம்பில் குறைந்தது 10 நாளாவது ஏற்ற வேண்டும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

காட்டோர மலேரியாவும் இதே பாடத்தைக் கசப்பாகச் சொன்னது. சரவாக்கின் காப்பிட்டில் மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை உருப்பெருக்கியில் பார்த்துப் பலரை ‘மலேரியே’ வகை என்று எழுதிவந்தார்கள். மெதுவாக, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் சாதுவான வகை அது. பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் தங்கள் குழுவோடு மரபணுச் சோதனை செய்து 2004இல் வெளியிட்டபோது, 208 நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை என்று தெரிந்தது. அது 24 மணி நேரத்தில் பெருகக்கூடியது. உருப்பெருக்கியில் இரண்டும் ஒரே ஜாடை. ‘மலேரியே’ கிளையில் மாட்டப்பட்ட விதி அவசரப்படாது, ஆனால் உள்ளே இருக்கும் கிருமி அவசரக்காரன். நோலெசி இன்று மலேசியாவின் முக்கிய மலேரியா. ஐசிடி-10இல் அதன் இடம் பி53, ‘பிற வகைகள்’ என்ற ஒதுக்குப்புறம். விதி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத அறை அது.

பரம்பரை இரத்த நோயான தலசீமியா பற்றியும் ஒரு வார்த்தை. 2016 முதல் நாலாம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே சோதனை நடக்கிறது. வெறும் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் பலர் அதில் தெரியவருகிறார்கள். ஐசிடியில் நோய் முற்றியவரும் சுமப்பவரும் ஒரே டி56 வீட்டுப் பிள்ளைகள். ‘தலசீமியா என்றால் இரும்புச் சத்து மாத்திரை வேண்டாம்’ என்பது அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்குச் சரி. சுமப்பவளான ஒரு கர்ப்பிணிக்கு நிஜமாகவே இரும்புச் சத்து குறைந்திருந்தால் அதே விதி அவளுக்கு அநியாயம்.

அரசாங்கமும் ஆஸ்பத்திரிகளும் பட்டியலைப் புதுப்பிப்பது அவசியம். ஆனால் புதுப்பிக்கும் நாள்தான் கண்டம். ஐசிடி-11 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதில் பக்கவாதம் இரத்த ஓட்ட நோய்கள் அத்தியாயத்திலிருந்து நரம்பு மண்டல அத்தியாயத்துக்குக் குடிபோய்விட்டது. மருத்துவ ரீதியாக நியாயமான மாற்றம். ஆனால் ‘இரத்த ஓட்ட நோய்கள் அனைத்துக்கும்’ என்று எழுதியிருந்த பழைய விதி, மாறிய மறுநாளே பக்கவாதக்காரர்களைக் கைவிட்டுவிடும்.

இப்படிக் கைவிட்டதை எத்தனை நாளில் கண்டுபிடிப்பார்கள்? பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் ஆஸ்பத்திரி உலகப் புகழ் பெற்றது. அங்கே அமியோடரோன் என்ற இதய மருந்து எடுப்பவர்களுக்கு ஆண்டுதோறும் தைராய்டு சோதனை செய்யச் சொல்லும் விதி ஒன்று இருந்தது. 2009இல் அந்த மருந்தின் உள் எண்ணை மாற்றினார்கள், விதியில் மாற்றவில்லை. 2013இல்தான் கோளாறு தெரியவந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த விதி புதிய நோயாளிகளைக் கண்டுகொள்ளாமல் தூங்கியிருக்கிறது, ஒருவரும் புகார் செய்யவில்லை. ஆடம் ரைட்டும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இதை மறைக்காமல் எழுதினார்கள். அதே ஆய்வில் இன்னொரு கோளாறு: வெளியிலிருந்து வாங்கிய மருந்து வகைப்பாடு உடைந்ததால், ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கே ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னது கணினி. அது உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் டாக்டர்களுக்கு எரிச்சல் வரும். தூங்கிய விதிதான் தெரியாது.

எரிச்சலும் சும்மா இல்லை. மருந்து எச்சரிக்கைகளில் பாதியிலிருந்து பத்தில் ஒன்பதுக்கும் மேல் வரை டாக்டர்கள் தட்டிவிட்டுப் போகிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சம்பந்தமில்லாத பிள்ளைகளுக்கெல்லாம் விதி இறங்கினால் யார்தான் ஒவ்வொன்றையும் படிப்பார்கள்? அப்படித் தட்டும் விரலுக்கு நல்ல எச்சரிக்கை, வீண் எச்சரிக்கை என்ற வித்தியாசம் தெரியாது.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் நோய்க்கு என்ன பெயர் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். ‘இனிப்பு நீர்’ என்றால் எந்த வகை, ‘தலசீமியா’ என்றால் நோயா சுமப்பா. கர்ப்பத்தில் இனிப்பு நீர் இருந்த அம்மாக்கள் கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தைப் பிள்ளை வளர்ந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். காய்ச்சலோடு போகும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: வெள்ளத்தில் இறங்கினேன், சேறு வழித்தேன், காட்டோரம் வேலை, எனக்கு இனிப்பு நீர் உண்டு. இந்த நான்கும் டாக்டரின் காதில் விழுந்தால் எந்தக் கணினியும் கதவை மூட முடியாது. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் குறையாவிட்டால் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக வெட்கப்படாதீர்கள்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘குறிப்பிடப்படாதது’ என்று முடியும் எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடும் அவசரம் புரிகிறது. வாசலில் எண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் உறுதியானதும் அந்தப் பெயரைத் திருத்தி எழுத யாராவது பொறுப்பெடுங்கள்.

மென்பொருள் வாங்குகிறவர்களை மட்டும் மென்மையாகச் சொல்லி விடமாட்டேன். ஒவ்வொரு விதிக்கும் ‘யார் இதில் சேர்வார்’ என்று மட்டும் சோதித்தால் போதாது. ‘யார் சேரக்கூடாது’ என்றும் நோயாளிக் கதைகள் எழுதிச் சோதிக்க வேண்டும். 41 வயதுக் கர்ப்பிணி, தலசீமியா சுமப்பவள், வெள்ளச் சேற்றில் நின்ற இனிப்பு நீர்க்காரர், எச்பிஏ1சி 6.4 எடுத்த தோட்டத் தொழிலாளி: இவர்கள் எல்லோரையும் உள்ளே அனுப்பிப் பாருங்கள். எந்த விதி ஒரு மாதமாக ஒருமுறைகூடப் பேசவில்லை என்ற பட்டியலை மாதந்தோறும் எடுங்கள். பட்டியலின் பதிப்பு மாறும் அன்று பழைய விதிகளை நிறுத்தி வைத்து ஒன்றொன்றாகத் திறந்துவிடுங்கள்.

இதைச் செய்ய சிகாமட்டைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம். மலேசிய மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சியாக்கோ திட்டம் 2011 முதல் பெக்கோக், சாஆ, கெமெரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்து முக்கிம்களில் சுமார் 13,000 குடும்பங்கள், 40,000 பேரின் உடல்நல விவரங்களைத் தொடர்ந்து பதிந்து வருகிறது. மூன்று இனத்தாரும் அதில் இருக்கிறார்கள். பெயர்களை நீக்கிவிட்டு அந்த விவரங்களை வைத்துப் பார்த்தால், வெளிநாட்டு மரம் நம் மண்ணில் எந்தக் கிளையில் முறியும் என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். சோதனையை அதற்கு முன் முடியுங்கள்.